காரின் பின் பிரேக் பேட், டிஸ்க்கை வீட்டிலேயே மாற்றலாமா? - எப்போது, எப்படி, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்?

“ரியர் பிரேக் பேட், டிஸ்க் ரெண்டுமே மாத்தணும் சார். அப்ரூவ் பண்ணிடுங்க.”

சர்வீஸுக்கு விட்ட காரைப் பற்றி வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு மெசேஜ் வருகிறது. கூடவே சில ஆயிரங்களுக்கு ஓர் எஸ்டிமேட். ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவே அதைப் பார்க்கும் எவருக்கும் இரண்டு கேள்விகள் எழும். நிஜமாகவே மாற்ற வேண்டுமா? மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், யூடியூபில் அரை மணி நேரத்தில் செய்து காட்டும் இந்த வேலையை நாமே செய்துகொள்ள முடியாதா?

இரண்டு கேள்விகளுமே நியாயமானவைதான். பேட், டிஸ்க் மாற்றுவது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சரியான கருவிகள், பொறுமை, சமதளமான ஓர் இடம் மூன்றும் இருந்தால் செய்துவிடக்கூடிய வேலைதான். ஆனால், இதை ஏர் ஃபில்டர் மாற்றுவதோடும் வைப்பர் மாற்றுவதோடும் ஒப்பிடக் கூடாது. அவற்றில் தவறு நடந்தால் கொஞ்சம் செலவு. இதில் தவறு நடந்தால், அடுத்த சிக்னலில் கார் நிற்காது. நம் கார் மட்டுமல்ல, முன்னால் நிற்கும் டூவீலரில் இருப்பவரும் அதற்கு விலை கொடுக்க நேரும்.

எனவே எப்படிச் செய்வது என்பதோடு, எந்த இடத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், பின்னால் இருப்பது டிஸ்க்தானா?

இந்தியாவில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். மாருதி வேகன் ஆர், ஸ்விஃப்ட், டாடா டியாகோ போன்றவை இந்த ரகம். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் என்பது மஹிந்திரா எக்ஸ்யுவி 700, எம்ஜி ஹெக்டர் போன்ற கார்களிலும், ஹூண்டாய் கிரெட்டாவின் உயர் வேரியன்ட்களிலும் வருகிறது. ஒரே மாடலில்கூட வேரியன்ட்டைப் பொறுத்து இது மாறும்.

கண்டுபிடிப்பது எளிது. அலாய் வீலின் இடைவெளி வழியாகப் பின்பக்கம் பாருங்கள். பளபளப்பான இரும்புத் தட்டும், அதை ஓரிடத்தில் கவ்விப் பிடித்திருக்கும் ஒரு பாகமும் தெரிந்தால் டிஸ்க். மூடிய கிண்ணம் போலத் தெரிந்தால் டிரம். டிரம்முக்குள் ஷூ மாற்றுவது வேறு வேலை. இங்கே சொல்லப்போவது டிஸ்க்குக்கு மட்டும்தான்.

அந்த இரும்புத் தட்டைத்தான் ஆங்கில வீடியோக்களில் ரோட்டர் என்கிறார்கள். நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் அது டிஸ்க். அதைக் கவ்வுவது காலிப்பர். காலிப்பருக்குள் டிஸ்க்கின் இருபுறமும் உட்கார்ந்திருப்பவை பேட்கள். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடைத் தள்ளும். பேட் டிஸ்க்கைக் கடிக்கும். அவ்வளவுதான் அடிப்படை.

ஒரு பிரேக்குக்கு ஒரு லிட்டர் வெந்நீர்

பிரேக் காரின் வேகத்தை அழிப்பதில்லை, வெப்பமாக மாற்றுகிறது. 1,300 கிலோ எடையுள்ள ஒரு கார் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 320 கிலோ ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய இவ்வளவு ஆற்றல் தேவை. அதாவது, 80-ல் போய்க்கொண்டிருந்து ஒருமுறை முழுசாக நிறுத்தினால், ஒரு லிட்டர் வெந்நீர் போடும் அளவு சூடு சில நொடிகளில் நான்கு சக்கரங்களின் பிரேக்குகளில் இறங்குகிறது. அதே கார் 100 கி.மீ. வேகத்தில் வந்தால் இந்தச் சூடு சுமார் 500 கிலோ ஜூல். வேகம் கால் பங்குதான் கூடியது, சூடோ பாதிக்கும் மேல் கூடிவிட்டது.

பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை, தோராயமாக 60 முதல் 70 சதவீதத்தை, முன் சக்கரங்களே செய்கின்றன. “அப்போ பின் பிரேக் அவ்வளவு முக்கியம் இல்லையே?” என்று கேட்கலாம். மீதமுள்ள 30 முதல் 40 சதவீதம் இல்லாமல் போனால் கார் நிற்கும் தூரம் நீளும். மழையில் நனைந்த சாலையில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் கார் திரும்பிவிடும். கூடவே, பார்க்கிங் பிரேக் வேலை செய்வதும் பின் சக்கரங்களில்தான்.

எப்போது மாற்ற வேண்டும்?

கிலோமீட்டர் கணக்கு மட்டும் இதற்குச் சரிவராது. நகரத்து டிராஃபிக்கில் ஓடும் காருக்கும், நான்குவழிச் சாலையில் ஓடும் காருக்கும் தேய்மானம் வேறு. பார்க்க வேண்டியவை இவை:

* கீச் என்ற சத்தம்: பல பேட்களில் சிறிய தகடு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்து 2 மி.மீ. அளவுக்கு வந்ததும் அது டிஸ்க்கில் உரசிச் சத்தம் போடும். அது எச்சரிக்கை மணி. சத்தம் ‘கரகர’ என்று மாறினால் இரும்பும் இரும்பும் உரசுகின்றன என்று பொருள். அதற்கு மேல் ஓட்டக் கூடாது.
* பேடின் தடிமன்: பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டைச் சேர்க்காமல், உராயும் பகுதி மட்டும் 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றத் திட்டமிடுவது நல்லது.
* பெடலில் அதிர்வு: பிரேக் பிடிக்கும்போது பெடல் துடித்தால் டிஸ்க்கின் மேற்பரப்பு சீராக இல்லை.
* பிரேக் ஆயில் அளவு: பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், பானெட்டுக்குள் இருக்கும் ஆயில் டப்பாவில் அளவு மெல்லக் குறையும். திடீரென்று குறைந்தால் அது தேய்மானம் இல்லை, கசிவு.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டும்தான். காலிப்பர் நகர்ந்து கொடுக்க இரண்டு ஸ்லைடு பின்கள் உள்ளன. அவை துருப்பிடித்து இறுகிவிட்டால் உள்பக்கப் பேட் மட்டும் தனியாகத் தேயும். ‘வெளிய பார்த்தா நல்லாத்தானே இருக்கு’ என்று விட்டுவிட்டால், உள்ளே பேட் முழுசாகத் தீர்ந்து தகடு டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருக்கும். சக்கரத்தைக் கழற்றி இரண்டு பேடையும் பார்த்தால்தான் உண்மை தெரியும். சர்வீஸ் சென்டரிலும் ‘இரண்டு பேடையும் போட்டோ எடுத்து அனுப்புங்க’ என்று தாராளமாகக் கேட்கலாம்.

டிஸ்க்கையும் சேர்த்து மாற்றணுமா?

எல்லா நேரமும் தேவையில்லை. டிஸ்க்கின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ, அது எந்த அளவுக்குத் தேயலாம் என்ற குறைந்தபட்சத் தடிமன் மி.மீ. கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். பின் டிஸ்க் பெரும்பாலும் மெல்லியது. புதிதில் 10 மி.மீ. இருக்கும் டிஸ்க்கில் தேய அனுமதிக்கப்படுவது பொதுவாக 1 முதல் 2 மி.மீ. மட்டுமே.

அளக்கும்போது ஒரு சின்னச் சிக்கல் வரும். டிஸ்க்கின் விளிம்பில் பேட் படாத இடம் தேயாமல் வரப்பு போல நிற்கும். வெர்னியரை நேராக வைத்தால் அந்த வரப்பைத்தான் அளக்கும், உண்மையைவிட அதிகமாகக் காட்டும். டிஸ்க்கின் இருபுறமும் ஒரே மாதிரியான ஒரு நாணயத்தை வைத்து அளந்து, பிறகு இரண்டு நாணயங்களின் தடிமனைக் கழித்துவிட்டால் சரியான கணக்கு வந்துவிடும்.

தடிமன் எல்லைக்குக் கீழே போயிருந்தாலும், விரல் நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கோடுகள் இருந்தாலும், விரிசல் இருந்தாலும், துரு குழிகுழியாக அரித்திருந்தாலும் டிஸ்க்கை மாற்றியாக வேண்டும். இரண்டு வாரம் நிறுத்திவைத்த காரில், குறிப்பாகக் கடலோரப் பகுதிகளில், காலையில் பார்த்தால் டிஸ்க்கில் ஆரஞ்சு நிறத்தில் மேல்துரு படிந்திருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

இன்னொரு விதி: பேடோ டிஸ்க்கோ, எதை மாற்றினாலும் இடது, வலது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதுசு என்றால் பிரேக் சமமாகப் பிடிக்காது.

பின் பிரேக்கின் தனிச் சிக்கல்: ஹேண்ட் பிரேக்

முன் பிரேக் மாற்றிப் பழகியவர்கள்கூடப் பின்பக்கம் தடுமாறுவது இங்கேதான். புதிய பேட் தடிமனாக இருக்கும் என்பதால், வெளியே வந்திருக்கும் பிஸ்டனை மறுபடி உள்ளே தள்ள வேண்டும். முன்பக்கம் என்றால் நேராக அழுத்தினால் போதும். பின்பக்கத்தில் மூன்று விதம் உண்டு.

1. கேபிள் ஹேண்ட் பிரேக், காலிப்பரோடு சேர்ந்தது: பிஸ்டனுக்குள் மரை இருக்கும். அழுத்திக்கொண்டே திருக வேண்டும். பல கார்களில் வலப்பக்கமாகத் திருகினால் உள்ளே போகும். சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும் எதிர்த்திசை. நேராக அழுத்தினால் உள்ளே இருக்கும் பாகம் உடையும்.
2. டிஸ்க்குக்குள் டிரம்: டிஸ்க்கின் நடுக்கிண்ணத்துக்குள் பார்க்கிங் பிரேக்குக்காகச் சின்ன ஷூக்கள் தனியாக இருக்கும். இதில் பிஸ்டனை நேராக அழுத்தலாம். ஆனால், டிஸ்க்கைக் கழற்ற ஷூவின் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டியிருக்கும்.
3. எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்: பட்டனை இழுத்தால் பிடிக்கும் வகை. காலிப்பருக்குப் பின்னாலேயே மோட்டார் இருக்கும். வேலை தொடங்கும் முன் இதை ‘சர்வீஸ் மோடு’க்குக் கொண்டுபோய், மோட்டாரைப் பின்வாங்க வைக்க வேண்டும். சில கார்களில் பெடல், பட்டன் கொண்டே இது முடியும். பலவற்றுக்கு ஓபிடி ஸ்கேனர் தேவை.

மூன்றாவது வகையில் சர்வீஸ் மோடுக்குப் போகாமல் கிளாம்ப் போட்டு அழுத்தினால் மோட்டாரின் பல்சக்கரம் உடையும். அதைவிட மோசமானது, கைவிரல் காலிப்பருக்குள் இருக்கும்போது மோட்டார் தானாக இயங்குவது. உங்கள் காருக்கான நடைமுறை உறுதியாகத் தெரியாவிட்டால், ஆரம்பத்திலேயே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

பாகங்கள் எங்கே வாங்குவது?

சென்னையில் ஸ்பேர் பார்ட்ஸ் என்றால் ஜி.பி. ரோடு. பழைய பாகங்கள் என்றால் புதுப்பேட்டை. பிரேக்கைப் பொறுத்தவரை புதுப்பேட்டைப் பக்கம் போகவே கூடாது. பயன்படுத்திய டிஸ்க்கும் பேடும் எவ்வளவு சூடு பார்த்தவை, எவ்வளவு தேய்ந்தவை என்று யாருக்கும் தெரியாது.

மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல், ஆர்.சி.-யில் உள்ள சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள். ஒரே காரின் இரண்டு வேரியன்ட்டுக்குப் பேடின் வடிவம் வேறாக இருக்கலாம். போலிச் சரக்கு பிரேக் பாகங்களிலும் உண்டு. பேக்கிங்கில் தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், எம்.ஆர்.பி. இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்க வேண்டும். கார் வாரன்டியில் இருந்தால், சொந்தமாகக் கை வைப்பது பின்னாளில் க்ளெய்முக்குச் சிக்கலாகலாம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

* ஜாக், இரண்டு ஜாக் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கட்டைகள்
* சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச்
* பிஸ்டன் திருகும் கருவி அல்லது ஜி கிளாம்ப் (காரின் வகையைப் பொறுத்து)
* கம்பி பிரஷ், பிரேக் கிளீனர் ஸ்பிரே, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ்
* காலிப்பரைத் தொங்கவிடக் கட்டுக்கம்பி, கையுறை, கண்ணாடி, மாஸ்க்
* உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க் அளவுகள்

ஸ்டெப்னி மாற்ற டிக்கியில் கொடுத்திருக்கும் ஜாக், சக்கரம் மாற்ற மட்டுமே. அதை நம்பிக் காருக்கு அடியில் கையையோ தலையையோ விடக் கூடாது. ஜாக் ஸ்டாண்ட் இல்லை என்றால் இந்த வேலையே இல்லை. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் மாற்று கிடையாது. அவை முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும்.

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டின் சரிவுப் பாதை, வெயிலில் இளகிய தார்ச்சாலை, மண்தரை மூன்றும் கூடாது. சமமான கான்கிரீட் தரைதான் சரி. முதல்முறை என்றால் முழு அரைநாள் ஒதுக்குங்கள். சனிக்கிழமை காலை ஆரம்பிப்பது நல்லது. ஞாயிறு மாலை ஆரம்பித்து, நடுவில் ஒரு போல்ட் உடைந்தால், கடையும் இருக்காது, திங்கள்கிழமை ஆபீஸ் போகக் காரும் இருக்காது.

படிப்படியாக

1. காரைச் சமதளத்தில் நிறுத்தி, மேனுவல் என்றால் முதல் கியரில், ஆட்டோமேட்டிக் என்றால் ‘பார்க்’கில் போடுங்கள். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அதன் பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். எலெக்ட்ரானிக் என்றால் சர்வீஸ் மோடு.

2. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்துங்கள். பிறகு குறிப்பிட்ட ஜாக் பாயிண்டில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, காரை லேசாக அசைத்துப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்க வையுங்கள். ஸ்டாண்ட் சரிந்தாலும் அது தாங்கும்.

3. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். குழப்பம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். எதைக் கழற்றும் முன்பும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

4. காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி அதை மேலே எடுத்து, கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் ஹோஸில் தொங்கக் கூடாது. அந்த ஹோஸ் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது. ஏபிஎஸ் சென்சார் வயர் பக்கத்திலேயே போகும், கவனம்.

5. பழைய பேட்களை எடுத்து, உள், வெளி இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் ஸ்லைடு பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் பேட் போட்டால் அதுவும் அதே கதிதான்.

6. காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றினால்தான் டிஸ்க் வெளியே வரும். அதன் போல்ட்டுகள் மிக இறுக்கமாக இருக்கும். அடுத்து டிஸ்க்கில் உள்ள சின்ன ஸ்க்ரூ. தலை மழுங்கும் ரகம் இது, அளவான பிட் போட்டு, இம்பாக்ட் டிரைவரால் தட்டி எடுப்பது பாதுகாப்பு. டிஸ்க் ஹப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால், பல டிஸ்க்குகளில் அதற்கென்றே இரண்டு மரைத் துளைகள் இருக்கும். பொருத்தமான போல்ட்டுகளை அதில் மாறிமாறி முறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே தள்ளப்படும்.

7. ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் முழுசாகச் சுத்தம் செய்யுங்கள். பலரும் தாண்டிப்போகும் படி இது. இங்கே ஒட்டியிருக்கும் ஒரு துளித் துரு, டிஸ்க்கின் விளிம்பில் பல மடங்கு தள்ளாட்டமாக மாறும். ‘புது டிஸ்க் போட்டும் பெடல் துடிக்குது’ என்ற புகார் பல நேரம் இங்கிருந்துதான் வருகிறது.

8. புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் இருபுறமும் துடைத்த பிறகே மாட்ட வேண்டும்.

9. ஸ்லைடு பின்களைச் சுத்தம் செய்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். பேடின் காதுகள் உட்காரும் இடத்தில் புது கிளிப். கிரீஸ் ஒரு துளிகூட உராயும் பரப்பில் படக் கூடாது.

10. ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, அளவு மேல்கோட்டில் இருந்தால் சுத்தமான சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் பொங்கி வரும். பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பிறகு, உங்கள் வகைக்கு ஏற்றபடி பிஸ்டனை மெதுவாக உள்ளே கொண்டுபோங்கள். திருகும் வகையில், பிஸ்டன் முகத்தில் உள்ள பள்ளம் பேடின் பின்னால் உள்ள குமிழோடு பொருந்த வேண்டும்.

11. பிராக்கெட், பேட், காலிப்பர் என்ற வரிசையில் திரும்ப மாட்டி, டார்க் ரெஞ்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். சக்கர நட்டுகள் பல கார்களில் 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை. காலிப்பர் போல்ட்டுக்கு அதைவிட மிகக் குறைவு. சக்கரத்துக்குக் கொடுக்கும் பலத்தை அதற்கும் கொடுத்தால் மரை போய்விடும்.

12. சக்கர நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வரிசையில் முறுக்கி, காரை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் முடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பேட் தூளை வாயால் ஊதுவதும், காற்றடித்து விரட்டுவதும் வேண்டாம். இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்பாட்டுக்கு இன்னும் முழுத் தடை இல்லை. பழைய பேடில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. மாஸ்க் போட்டு, கிளீனர் அடித்து ஈரமாக்கித் துடைப்பதே சரி.

ஸ்டார்ட் செய்யும் முன் இந்த ஒரு நிமிடம்

மொத்த வேலையிலும் மறக்கவே கூடாத இடம் இது. பிஸ்டனை உள்ளே தள்ளிவிட்டதால் பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே இப்போது இடைவெளி இருக்கிறது. முதல் மிதிக்குப் பெடல் நேராகத் தரைக்குப் போகும். அந்த நிலையில் காரை ரிவர்ஸ் எடுத்தால், பார்க்கிங்கின் எதிர்ச்சுவர்தான் காரை நிறுத்தும்.

எனவே காரை நகர்த்தும் முன் பெடலை மெதுவாகப் பலமுறை மிதியுங்கள். கெட்டியாக ஆனதும், ஆயில் அளவைப் பார்த்து, மூடியைப் போடுங்கள். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கை சர்வீஸ் மோடிலிருந்து வெளியே கொண்டுவந்து, பிடிக்கிறதா, விடுகிறதா என்று சோதியுங்கள். பிறகு நடை வேகத்தில் சில அடி ஓட்டி நிறுத்திப் பாருங்கள்.

அடுத்தது ‘பெடிங்’. பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படிய வேண்டும். வண்டிகள் இல்லாத நேரான சாலையில், 50 - 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாகக் குறையுங்கள். முழுசாக நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, சிறிது இடைவெளி விட்டு, எட்டுப் பத்து முறை செய்யுங்கள். முடிந்ததும் அதிகம் பிரேக் பிடிக்காமல் சற்று தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். பேட் தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். 50 - 100 கி.மீ. ஓடிய பிறகு சக்கர நட்டுகளை மறுபடி ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபார்ப்பது அவசியம்.

எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்?

கீழே உள்ளவற்றில் எது நடந்தாலும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். காரை ஓட்டிக்கொண்டு அவரிடம் போகக் கூடாது.

* பலமுறை மிதித்த பிறகும் பெடல் மெத்தென்று இருக்கிறது அல்லது மெல்ல இறங்குகிறது. லைனில் காற்று புகுந்திருக்கலாம், கசிவும் இருக்கலாம்.
* காலிப்பர், ஹோஸ், பிஸ்டனின் ரப்பர் உறை எங்காவது ஈரம் அல்லது கிழிசல் தெரிகிறது.
* பிஸ்டன் சரியான முறையில் முயன்றும் உள்ளே போகவில்லை.
* போல்ட் உடைந்தது, மரை போனது.
* டேஷ்போர்டில் பிரேக், ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை.
* ஓட்டிப் பார்த்ததும் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுடுகிறது, அல்லது பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறது.

இது தோல்வி இல்லை. பிரேக் வேலையில் ‘பரவாயில்லை, ஓடும்’ என்ற வார்த்தைக்கு இடமில்லை என்பதுதான் விஷயம்.

ஊட்டி போகும் முன்

பேட், டிஸ்க் புதுசாக இருந்தும் பிரேக் பிடிக்காமல் போகும் சூழ்நிலை ஒன்று உண்டு. அதற்குக் காரணம் பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கலாம். டாட் 3-க்கு இது 205-லிருந்து 140 டிகிரி. ஆயில் கொதித்தால் குமிழிகள் உருவாகும். குமிழியை அழுத்தினால் சுருங்கும், பிஸ்டன் நகராது. பெடல் தரைக்குப் போகும். அதனால்தான் பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கின்றன.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது உயரம் சுமார் 1,900 மீட்டர் குறைகிறது. அதே 1,300 கிலோ கார் அந்த உயரத்தில் இழக்கும் ஆற்றலைக் கணக்கிட்டால், 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு. எல்லாவற்றையும் பிரேக் தலையில் கட்டினால் எந்தப் பேடும் தாங்காது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கும், கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கும் இதே விதிதான். நியூட்ரலில் போட்டு மைலேஜ் மிச்சம் பிடிக்கும் பழக்கம் மலையில் உயிரோடு விளையாடுவது.

ஆக, வாட்ஸ்அப்பில் வந்த அந்த எஸ்டிமேட்டுக்கு என்ன பதில் சொல்வது? முதலில் நான்கு பேடின் போட்டோவையும் டிஸ்க்கின் தடிமன் அளவையும் கேளுங்கள். மாற்ற வேண்டியதுதான் என்று தெரிந்தால், உங்கள் காரின் பார்க்கிங் பிரேக் எந்த வகை, ஜாக் ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் கையில் இருக்கிறதா, அனுபவமுள்ள ஒருவர் முதல்முறை பக்கத்தில் நிற்பாரா என்று பாருங்கள். மூன்றுக்கும் பதில் இருந்தால் சனிக்கிழமை காலை ஆரம்பிக்கலாம். இல்லையென்றால் ‘அப்ரூவ்’ கொடுத்துவிட்டு, வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஹப்பைச் சுத்தம் செய்கிறார்களா, பின்னுக்கு கிரீஸ் வைக்கிறார்களா, டார்க் ரெஞ்சைக் கையில் எடுக்கிறார்களா என்று கேட்கத் தெரிந்த வாடிக்கையாளருக்கு வேலையும் ஒழுங்காக நடக்கும்.